முப்பத்திரண்டு வயதில் கம்பிக் கணக்கு

1. ஆலந்தலை பால்கனி

பால்கனிக்குக் கீழே கொடுத்திருந்த முட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேஸ்திரி மாடியிலிருந்து சத்தம் கொடுத்தார். "மேடம், இங்கன வந்து பாருங்க. கோடு விடுது."

ஆலந்தலையில் அமலி அக்கா கட்டிக்கொண்டிருந்த வீடு அது. கணவர் கப்பலில் வேலை பார்த்ததால் கட்டட வேலை முழுக்க அக்கா பொறுப்பு. கடலைப் பார்த்து ஒரு பால்கனி வேண்டும், கீழே தூண் இருக்கக் கூடாது என்றார். ஆறடி வெளியே நீட்டி வரைந்து கொடுத்தேன். அப்போது நான் கட்டடக்கலையில் பி.ஆர்க். முடித்து எட்டு வருடம். கான்கிரீட்டுக்குள் எங்கே எவ்வளவு கம்பி என்ற கம்பிக் கணக்கை நெல்லையிலிருந்த ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போட்டுத் தந்தார். அந்த டிராயிங்கை வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்ததுதான் என் பங்கு.

மேலே ஓடினேன். சுவரை ஒட்டி, பால்கனியின் மேல்பக்கம், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரிசல்.

"ஏம்மா, இது நிக்குமா நிக்காதா? ஒரு வார்த்த சொல்லு," என்றார் அக்கா.

எனக்குத் தெரியவில்லை. "முட்டெல்லாம் திரும்பப் போடுங்க அண்ணாச்சி" என்று மேஸ்திரியிடம் சொன்னேன். பயத்தில் சொன்னதுதான், அறிவால் அல்ல.

மதியம் இன்ஜினியர் வந்து விரிசல் ஓரத்தை உளியால் கொத்தச் சொன்னார். இப்படி வெளியே நீட்டிய தளம் கீழே தொங்கப் பார்க்கும், இழுவிசை மேல்பக்கம்தான். கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். எங்கள் கம்பி மூன்று அங்குலம் கீழே கிடந்தது. அடியில் தாங்கல் வைக்காததால், கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து இறக்கிவிட்டார்கள்.

"கான்கிரீட்டுக்கு முன்னால யாரு செக் பண்ணது?"

"நான்தான் சார்."

அவர் திட்டவில்லை. "எதப் பாக்கணும்னு உங்களுக்குத் தெரியாதுல்லா," என்றார்.

கான்கிரீட் போட்ட அன்று காலை நானும் அந்தக் கம்பிகள்மேல் நடந்துதான் போட்டோ எடுத்திருந்தேன்.

பால்கனியை இடிக்க நான்கு நாள் ஆனது. அக்கா மறுபடி பால்கனி கேட்கவில்லை. "ஒரு சன்னல் வச்சுக் குடு, போதும்," என்றார்.

2. பி.ஆர்க்.குக்கு இடமில்லை

எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படிக்கப் புறப்பட்டேன். இரண்டு கல்லூரிகளில் விண்ணப்பத்தையே வாங்கவில்லை. "சிவில் முடிச்சவங்களுக்கு மட்டும்தாம்மா." மூன்றாவது கல்லூரியில், இளநிலை சிவில் தாள்கள் நான்கைக் கூடுதலாக எழுதினால் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள்.

தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் முதலாளிக்குக் கோபம். "வீட்டு முகப்பு, எலிவேசன்னு வரையுத கை. அங்கன போயி மேட்ரிக்ஸ் போட்டுக்கிட்டு கெடக்கப் போறியா? கம்பிக்குத்தான் ஆள் இருக்குல்லா?"

வகுப்பில் எல்லாருக்கும் இருபத்திரண்டு வயது. முதல் வாரம் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். முதல் டைனமிக்ஸ் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினேன். அதற்குப் பிறகு யாரும் எழுந்து நிற்கவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறித் தூத்துக்குடி வந்து பழைய அலுவலகத்துக்கு பிளான் வரைந்து கொடுத்துவிட்டு, ஞாயிறு திரும்புவேன். பஸ்ஸில் புத்தகத்தை விரித்தால் அடுத்த ஊர் வருவதற்குள் தூங்கிவிடுவேன். டைனமிக்ஸ் இரண்டாம் முறைதான் தேறியது.

எல்லாம் விளங்கிவிட்டது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு பழக்கம் மட்டும் வந்தது. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும், இந்த எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று கண் தேடும். அழகாக இருக்கிறதா என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

3. ஆறுமுகநேரி வீடு

உப்பளத்தை ஒட்டிய வீடு. பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர், மகனுக்காக மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்று கூப்பிட்டார். பின்னறைக் கூரையில் பழுப்புக் கறை. சுத்தியலால் தட்டினேன், உள்ளே பொள்ளலாகக் கேட்டது. கொஞ்சம் கொத்தியதும் கம்பி துருவேறித் தாள் தாளாக உரிந்து கையோடு வந்தது. அந்த அறையில்தான் அவர் மனைவியும் மகளும் படுப்பார்கள்.

"மேல கட்ட முடியாது அண்ணாச்சி. இன்னையிலேருந்து இந்த ரூம்ல யாரும் படுக்கவும் கூடாது."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பிளான் போட்டுத் தாங்கன்னு கூப்பிட்டா, இருக்குத ரூமயே காலி பண்ணச் சொல்லுதிய? எல்லா வீட்லயும் உப்புக் காத்துதான் அடிக்கி."

கதவோரம் நின்ற அவர் மனைவி கேட்டார். "எப்ப விழும்?"

"அதச் சொல்ல முடியாதுக்கா. நாளைக்கும் விழலாம், அஞ்சு வருசம் கழிச்சும் விழலாம்."

அதையே எழுதி நீட்டிய தாளை அண்ணாச்சி வாங்கவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது, இத்தனை படித்ததும் வேண்டாம் என்று சொல்லத்தானா என்று அலுத்துப்போனது.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சியின் மனைவி போன் செய்தார். "மேடம், காலையில அந்த ரூம் கூரையிலேருந்து பெரிய பாளம் ஒண்ணு விழுந்துட்டு. ஆளு யாருக்கும் ஒண்ணுமில்ல. நீங்க சொன்ன அன்னைக்கே பாயத் தூக்கி முன்னறையில போட்டுட்டேன். அதுக்கு அவிய ஒரு மாசமா எங்கிட்ட பேசல்ல. இப்ப அவியளே உங்களக் கூப்பிடச் சொல்லுதாவ."

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அந்தக் கூரைக்கு முட்டுக் கொடுக்க மறுநாளைக்கு ஆள் ஏற்பாடு செய்தேன்.

இப்போது என் அலுவலகத்துக்கு வேலை பழக வரும் பிள்ளைகளிடம் இதை மட்டும்தான் சொல்கிறேன். ஆபத்து என்றால் வீட்டுக்காரரைத் தனியே அழைத்துப்போய்ச் சொல்லாதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பாயைத் தூக்கிப் போடுகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது.