மருந்துக்கடையில் நீட்டிய கடிதம்

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். என் மனைவிக்கு மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில், கூட்டத்துக்கு நடுவே, மூச்சு முட்டியது. பிறகு வீட்டிலும் வந்தது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், செத்துவிடுவேன் என்பாள். என் ஆட்டோவிலேயே அவளை ஏற்றிக்கொண்டு மந்தைவெளி டாக்டரிடம் எத்தனை தடவை ஓடினேனோ. அந்தக் கிளினிக் இருக்கும் இடம் முன்பு சைக்கிள் கடை. வாடகை சைக்கிளில் நான் ஓட்டப் பழகியது அங்கேதான். அது வேறு கதை.

ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்றார். அந்த நிம்மதியில் அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியாது. டாக்டர் எழுதினால் அது மருந்துதான் என்று நேரே மருந்துக்கடையில் நீட்டினேன்.

கடைக்காரர் உரக்கவே சொன்னார். "இன்னா நைனா, இதுல மாத்திரையே இல்லியே. அடையாறுல ஒரு அம்மா மனசுக்கு கவுன்சிலிங் குடுக்கறாங்களாம். அவங்களுக்கு எழுதின லெட்டர் இது."

பின்னால் எங்கள் தெருக்காரம்மா நின்றிருந்தாள். "யாருக்குப்பா மனசு சரியில்ல?"

என் பக்கத்தில் நின்றிருந்த மனைவி விறுவிறுவென்று நடந்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தினாள்.

"பைத்தியக்காரி பொண்ணுன்னு தெரிஞ்சா எவன் வந்து கட்டுவான்? என்னை எங்கியும் இட்டுக்கினு போவாத."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சமைத்துக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே சரிந்தாள். மறுபடி டாக்டரிடம் ஓடினோம். கடையில் நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"தப்பு என்மேலதான். புரியும்படி சொல்லாம அனுப்பிட்டேன்." பிறகு அவளைப் பார்த்துப் பேசினார். "பைத்தியம்னு அனுப்பலம்மா. பயம் உள்ள தங்கிட்டா உடம்பு இப்படி ஆடும். அவங்க சைக்காலஜிஸ்ட். ஊசி, மாத்திரை கிடையாது, பேசுவாங்க. என்கிட்டயும் வந்துகிட்டே இருங்க."

"வெளிய தெரிஞ்சிட்டா?"

"நீங்க பேசறது அந்த ரூமைத் தாண்டாது. நீங்க சரின்னாத்தான் எனக்கே சொல்லுவாங்க."

புதிதாக ஒரு கடிதம் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, அவள் கையில் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை.

அடையாறில் அந்தக் கவுன்சிலிங் அம்மா வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினேன். வெகுநேரம் அவள் இறங்கவில்லை. இறங்கியதும் நானும் பின்னால் போனேன்.

"நீ இங்கியே இரு. நீ கேக்கறதுக்கில்ல அது."

கதவு மூடிக்கொண்டது. என்னைப் பற்றி உள்ளே என்னென்ன சொல்கிறாளோ என்று, ஒரு மணி நேரம் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கிடந்தேன்.