கேரியர் இல்லாத சைக்கிள்

அந்தப் பந்தய சைக்கிளை வாங்கிவிடலாம் என்று முதலில் சொன்னது என் மனைவிதான்.

எழுபதுகளின் கடைசி அது. கீழப்பழுவூருக்கு உள்ளடங்கிய ஒரு சிற்றூரில் இருந்தோம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நான் பார்த்துவந்த கூலி வேலை நின்றுபோயிருந்தது. மழையும் ஏமாற்றிவிட்டதால் வயல் வேலையும் இல்லை. வேலைக்குப் போகிறவனைப் போலக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். அரியலூர்க் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, யாரும் கேள்வி கேட்காத நேரமாகப் பார்த்துத் திரும்பி வருவேன். அவளுக்குத் தெரியும். கேட்கமாட்டாள்.

என்னிடம் இருந்தது கால்வலு மட்டும்தான். பொங்கல் பந்தயங்களில் என் கனத்த சைக்கிளை மிதித்தே குடமும் தூக்குவாளியும் ஜெயித்து வந்திருக்கிறேன். மாவட்டத் தேர்வுப் பந்தயத்தில் முன்னால் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம், அங்கே ஓட்டியவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. முந்தின வருஷம் அதில் ஓட்டிப் பார்த்தேன். திருச்சிப் பையன்கள் மெலிந்த டயர் போட்ட வெளிநாட்டு சைக்கிள்களில் குனிந்துகொண்டு வந்தார்கள். முதல் மேட்டிலேயே கண்ணுக்கு மறைந்துபோனார்கள். நான் நெஞ்சு வெடிக்க மிதித்தும் அவர்கள் கிளப்பிய புழுதியைக்கூடப் பார்க்க முடியவில்லை.

திருச்சியில் ஓய்வுபெற்ற ஒருவர், மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பந்தய சைக்கிளை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, சும்மா பார்த்துவிட்டு வந்தேன். வந்து அவளிடம் சொன்னபோது விலையையும் சொன்னேன். ஒரு ஜோடி உழவு மாட்டின் விலை. சிரித்துவிட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"அது இருந்தா ஜெயிச்சிடுவீங்களா?" என்றாள்.

"அவனுங்களோட சேர்ந்து போகலாம். அதுக்கு மேல காலு பாத்துக்கும்."

"அப்ப வாங்கிடலாங்க. பசுவ வித்துடுவோம். இருக்கற சைக்கிளையும் குடுத்துடுங்க. இப்புடியே ஒக்காந்திருந்தா வயித்துல இருக்கறது பொறந்து என்னத்தக் குடிக்கும்?"

அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். பசு அவள் தா.பழூர்ப் பிறந்தவீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தது.

சைக்கிளைத் திருச்சியிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்தேன். அந்த வழியை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. மிதிப்பதற்காகக் காத்திருக்கும் வண்டி அது. கால் பட்டதும் முன்னால் பாய்ந்தது. கியரை மாற்றினால் மேடு தணிந்து வழிவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் இறங்கியது.

வாசலில் மனைவியின் அண்ணன் நின்றிருந்தார். எங்கள் ஊரிலேயே குடியேறி வண்டி மாடு வைத்திருந்தவர். சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பெல்லு எங்க மாப்ள?"

"கெடையாது மச்சான்."

"ஸ்டாண்டு?"

"கெடையாது. சொவத்துல சாய்ச்சி வெக்கணும்."

"கேரியரும் இல்ல. ஒரு மூட்டைய வெக்க முடியாது, பொண்டாட்டிய வெச்சிக்கிட்டுப் போக முடியாது. இதுக்கா பசுவ வித்தீங்க?"

அவர் தங்கைதான் பதில் சொன்னாள்: "மூட்ட தூக்கறதுக்கு வாங்கலண்ணா. வேலைக்கி வாங்கினது."

காற்றடிக்கப் போனபோதுதான் அடுத்த அடி. அதன் டியூபில் இருந்த வால்வு ஈர்க்குச்சி போல ஒல்லியானது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் எந்தக் கடைப் பம்பின் வாயும் அதற்குப் பொருந்தவில்லை. திருச்சிக்காரரிடமே திரும்பப் போய் அதற்கான பம்பைக் கெஞ்சி வாங்கி வந்தேன். பிறகு முள். எங்கள் பக்கம் கருவேல முள் இல்லாத வழி எது? மாட்டு வண்டிக்கும் கனத்த டயருக்கும் அது ஒரு பொருட்டில்லை. இந்த டயரோ முள்ளைக் கண்டாலே உயிரை விட்டது. ஊர் எல்லையிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு போய், அங்கிருந்து பெரம்பலூர்ப் பக்கம் ஓட்டிப் பழகினேன். சைக்கிள் மனுசன் மேல சவாரி போகுது என்று வயலில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் இருந்தது. என் வேகம் எனக்குத் தெரிந்தது. இந்த முறை அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போக முடியாது.

பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தன. உச்சி வெயில். அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், காலடியில் ரத்தம்.

"ஏங்க, ஏழு மாசந்தானேங்க ஆவுது?" என்று என்னையே கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

மத்தியான பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம். சைக்கிளைப் பார்த்தேன். உட்கார வைக்க இடமில்லாத சைக்கிள். மச்சான் ஓடிவந்து ஒரு வார்த்தையும் குத்திப் பேசவில்லை. மாட்டைப் பூட்டினார். வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்க வைத்தோம்.

"நான் வண்டிய மெதுவா ஓட்டிக்கிட்டு வரேன். நீங்க போயி கார் புடிச்சிக்கிட்டு எதுக்க வாங்க மாப்ள. ஓடுங்க!"

அன்றைக்குத் தோளில் தூக்கவில்லை. முள்ளின் மேலேயே விட்டேன். கீழப்பழுவூரில் இருந்த ஒரே வாடகைக் கார் கல்யாணத்துக்குப் போயிருந்தது. இறங்காமலே அரியலூருக்குத் திருப்பினேன். அந்தச் சாலையில் அப்படி ஒருவன் போனதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கல் ஏற்றிய லாரி ஒன்றை ஓரமாக முந்தினேன். எந்தப் பந்தயத்திலும் அந்த வேகம் எனக்கு வந்ததில்லை.

பாதி வழியில் பின் டயர் இறங்கியது. நின்று பஞ்சர் ஒட்ட நேரமில்லை. மிதித்தேன். டயர் கிழிந்து சுற்றிக்கொண்டு பிறகு கழன்றது. வெறும் இரும்பு வளையம் ஜல்லியில் அலறியது. கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. முறிந்த கம்பி காலைக் கிழித்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஊருக்கு வெளியே ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. பெட்டி, பெட்டி, இன்னொரு பெட்டி. அந்த இடத்தில் நின்று நான் சத்தம் போட்டு அழுதேன். கேட்காரர் என்னைப் பார்த்துப் பயந்துபோனார்.

கேட் திறந்தபோது சக்கரம் முழுக்க முறுக்கிக்கொண்டு சுழலவில்லை. சைக்கிளைக் கேட்காரரிடமே போட்டுவிட்டு ஓடினேன். கார் நிறுத்தத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. வாயை மட்டும் திறந்து மூடினேன். டிரைவர் என் காலையும் முகத்தையும் பார்த்தார்.

"ஏறுப்பா மொதல்ல. வழியில சொல்லு."

கீழப்பழுவூரைத் தாண்டி மச்சானின் மாட்டு வண்டி எதிரே வந்தது. வைக்கோல் நனைந்திருந்தது. அவள் கண்ணைத் திறந்திருந்தாள். ஆனால் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை.

பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா அம்மாவும் இல்ல" என்றார் டாக்டரம்மா. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரம் அரியலூர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடந்தேன்.

பந்தய நாள் வந்துவிட்டது என்பதே எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். விசில் சத்தம் கேட்டது. சாலையோரம் கூட்டம். திருச்சிப் பையன்கள் பெரம்பலூரிலிருந்து வந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சங்கிலிகள் ஒரே சீராக இரைந்தன. பின்னால், வெகுதூரத்தில், கனத்த சைக்கிளில் உள்ளூர்க்காரன் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து வந்தான். ஜனங்கள் அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். நான் தூக்குவாளியோடு, டீ ஆறும்வரை நின்றிருந்தேன்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டோம். பேசினால் சண்டையில் முடியும். பழைய சைக்கிள் இருந்திருந்தால் கேரியரில் வைத்து நேராகக் கொண்டுபோயிருப்பேன், பிள்ளையும் தங்கியிருக்கும் என்பேன். அவளோ, "அந்த நெலமையில கேரியர்ல எங்கேருந்துங்க ஒக்கார்றது? பாதி வழியில வுழுந்து செத்திருப்பேன். அந்த வண்டி போன வேகத்துலதான் நான் இருக்கேன்" என்பாள். என் வாயை அடைக்கச் சொன்னாளா, மனதாரச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது. மச்சான் மட்டும் அதன்பிறகு அந்த சைக்கிளைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் கல் லாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். பிறகு ஓட்டப் பழகினேன். எண்பதுகளில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். சைக்கிள் பின்சக்கரம் இல்லாமல் கொட்டகையில் கிடந்தது. அந்த அளவில் சக்கரம் எங்கேயும் கிடைக்கவில்லை.

ஒருநாள் திருச்சியிலிருந்து ஒருவர் அந்த சைக்கிளின் சட்டத்துக்காகத் தேடிக்கொண்டு வந்தார். தூசியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ காசு போட்டு வாங்கிட்டு இப்புடிப் போட்டுட்டீங்களே, வீணாப் போச்சே சார்" என்றார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள்தான் வெளியே வந்தாள்.

"வீணா இல்லையான்னு எங்களுக்கே தெரியலங்க. ஒரு தடவதான் அவசரத்துக்கு ஓட்டினாரு. நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தார்ச்சாலைப் பக்கம் நடந்தார். அவள் அவர் போன திசையைப் பார்க்காமல், பிள்ளைக்குச் சோறு ஊட்ட உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு மாலை லோடு. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.