கடைசியில் ராட்டினம்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் நான் கிளார்க்காக இருந்தபோது, வருஷா வருஷம் தீபத் திருவிழாக் கூட்டத்துக்கு வரிசைத் தடுப்பு கட்டும் வேலை எங்கள் பிரிவுக்கு வரும். எந்த வரிசை எப்போது நகரும், எது நின்றுபோகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தக் கர்வத்தில்தான் மெட்ராஸ் தீம் பார்க்குக்கும் திட்டம் போட்டேன்.

என் மகள் என்னோடு பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. மெட்ராஸ் காலேஜில் சீட் கிடைத்தும் நான் அனுப்பவில்லை. மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் செய்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் நான் 'அவரு'. "அவரு சாப்ட்டாராம்மா?" என்று என் காதுபடவே என் மனைவியிடம் கேட்பாள். தை பிறந்தால் கல்யாணம். அதற்குள் ஒரு தடவையாவது அவள் வாயால் 'அப்பா' என்று கேட்டுவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தேன்.

ஏற்கெனவே போய்வந்த ஆபீஸ் நண்பர் ஒரு தாளில் பார்க்கை வரைந்து காட்டினார். "கேட்டு தொறந்ததும் எல்லாரும் மொதல்ல இருக்கறதுலயே போயி நிப்பாங்க சார். நீங்க நேரா கடைசிக்குப் போயிடுங்க. பதினோரு மணிக்கு மேல கூட்டம் ஜாஸ்தி."

பின்னாலிருந்து ஐந்து பெரிய ரைடுகளுக்கு நம்பர் போட்டேன். ராட்டினத்தை மட்டும் கடைசிக்கு வைத்தேன். ஒரு பெட்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம். உச்சியில் கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே என்னை விட்டு எழுந்துபோக மகளுக்கு வழி கிடையாது.

"ராட்டினத்துல மட்டும் நீ ஏறாத. தல சுத்துதுன்னு சொல்லிடு" என்று மனைவியிடம் சொல்லி வைத்தேன்.

விடியற்காலை மூன்றரை மணி பஸ் பிடித்து, கேட் திறக்கும் முன்பே போய் நின்றோம். எங்கள் ஊரில் ஒருவர் வரிசையில் நின்றால் வீடே நின்ற மாதிரி. மனைவியும் மகளும் ஒன்றில் சுற்றும்போது நான் அடுத்ததில் நின்றேன். அவர்கள் வந்ததும் இடத்தை விட்டுவிட்டு அதற்கடுத்ததற்கு ஓடினேன். மூன்றாவதில் மகள் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்ததை வரிசையிலிருந்து பார்த்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இறங்கி வந்தவள் என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

பதினோரு மணிக்குள் ஐந்தும் முடிந்துவிட்டன. நான் எதிலும் ஏறவில்லை.

ராட்டினத்தடியில் மனைவி சொன்னபடியே சொன்னாள். "எனக்குத் தல சுத்துதும்மா. நீ அப்பாவோட ஏறு."

மகள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்ப எனக்கும் வாணாம்மா."

குரலில் கோபமே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ராட்டினத்தில் கூட்டமும் இல்லை, பாதிப் பெட்டிகள் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க" என்றேன். "நான் போயி அடுத்ததுல எடம் புடிக்கறேன்."

தாளில் அடுத்தது என்று எதுவும் இல்லை. அது என் மனைவிக்கும் தெரியும். இருந்தாலும் வேகவேகமாக நடந்தேன்.