அளக்காமல் கழற்றிய ஜாக்

குவாயாகில் நகரின் பயீயா சந்தையில் மடிக்கணினி பழுதுபார்க்கும் வெலிங்டன் என்ற இளைஞனுக்கு, பார்த்த மாத்திரத்தில் கோளாறைச் சொல்லிவிடுவான் என்று பெயர். அந்தப் பெயர்தான் அவனைக் கவிழ்த்தது.

ஒருநாள் காலையில் நர்சிசா தொமாலா என்ற பள்ளிக்கூட ஆசிரியை தன் மடிக்கணினியையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வந்தார். "சார்ஜே ஏற மாட்டேங்குது தம்பி. வயர ஒரு பக்கமா வளைச்சுப் பிடிச்சாதான் கொஞ்சம் ஏறுது."

"வயர்ல ஒண்ணுமில்ல டீச்சர். சார்ஜர் குத்துற ஜாக் போச்சு. மாத்திட்டா ஓடும்."

பக்கத்தில் அதே தொழில் செய்யும் கடைக்காரி பெத்சபே எட்டிப்பார்த்தாள். "மீட்டர் வச்சுப் பாத்தியாடா?"

"மீட்டரெல்லாம் உனக்கு. எனக்குக் கண்ணே போதும்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

டீச்சர் போனதும் சூடான காற்றை அடித்து ஜாக்கைப் பிடுங்கினான். அதைப் பற்றவைத்திருந்த ஈயம் முழுக்க இளகும்வரை பொறுக்கவில்லை. ஜாக்கோடு, போர்டில் மின்சாரம் ஓடும் செம்புத் தடமும் பெயர்ந்து வந்துவிட்டது. அப்போதுதான் டீச்சரின் சார்ஜரை மீட்டரில் அளந்தான். வயரை வளைத்தால் பத்தொன்பது வோல்ட், விட்டால் ஒன்றுமில்லை. உள்ளே அறுந்திருந்தது வயர். ஜாக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை.

மாலையில் நர்சிசா வந்தபோது, "போர்டே எரிஞ்சுபோச்சு டீச்சர்" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வயர வளைச்சு வளைச்சு நானே எரிச்சுட்டேன் போல. உனக்கும் வீண் வேலை வச்சுட்டேன்." வழியில் வாங்கிவந்த சூடான வாழைக்காய் உருண்டை ஒன்றை அவன் கையில் வைத்துவிட்டு, கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

உருண்டை கையைச் சுட்டது. பத்தடி போயிருப்பார்.

"டீச்சர், நில்லுங்க! பொய் சொல்லிட்டேன். கெட்டது வயர்தான். நல்லா இருந்த ஜாக்க நான்தான் பிச்சு, போர்டையும் கெடுத்தேன்."

சந்தை திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"காலையிலயே சொன்னேனே தம்பி," என்றார் நர்சிசா மெதுவாக. "நீதான் காதுல வாங்கல." கணினியைத் திரும்ப அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பெத்சபேயிடம் உருப்பெருக்கிக் கண்ணாடியை இரவல் கேட்டான். அவள் அதைத் துடைத்துக் கொடுத்தாள். அது இன்னும் வலித்தது. பெயர்ந்த தடத்துக்குப் பதிலாக, முடி போன்ற செம்புக் கம்பியைப் பற்றவைத்தான். மூன்று முறை விட்டுப்போயிற்று. நாலாம் முறை பிடித்தது. ஜாக்கைப் பொருத்தி, புதுச் சார்ஜரும் தன் செலவில் வாங்கிக் கொடுத்தான். நர்சிசா ஐந்து நிமிடம் உட்கார்ந்து, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த மாதம் அவருடைய பள்ளியிலிருந்து ஆறு கணினிகள் பழுதுக்கு வந்தன. ஆறும் பெத்சபேயின் கடைக்குப் போயின. வெலிங்டன் குனிந்த தலை நிமிராமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.