ஆடியில் சேர்ந்த வேலை

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் ஆடி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். தி.நகரில் தள்ளுபடிப் புடவை வாங்குவது மட்டும் இந்தக் கணக்கில் வராது. அப்படிப்பட்ட வீட்டில் எனக்கு நந்தனத்தில் புது வேலை கிடைத்தது. ஆடியில் சேரக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். இன்னொரு கால் முட்டி தேய்ந்து நிற்கவே முடியாமல் இருந்தது என்பது வேறு விஷயம்.

புது ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி ஆவணிக்கு மாற்றிக்கொண்டேன். பழைய வேலை ஆனியோடு முடிந்தது. நடுவில் ஒரு மாதம் சும்மா. அந்த மாதத்தில்தான் அடையாறில் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன்.

"ஆடியில ஆபரேஷன் மட்டும் பண்ணலாமாம்மா?" என்று கேட்டேன்.

"நல்ல காரியம்தான்டி கூடாது. காலை அறுக்கிறது நல்ல காரியமா?"

மருத்துவமனையில் இன்சூரன்ஸ் பார்க்கும் பெண் பழைய ஆபீஸ் கொடுத்த என் கார்டு எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "மேடம், நீங்க வேலையை விட்ட அன்னைக்கே இது முடிஞ்சிடுச்சு. புது ஆபீஸ்ல சேர்ந்த நாள்ல இருந்துதான் அடுத்தது." ஆடி முழுக்க அம்மாவுக்கு எந்தக் காப்பீடும் இல்லை. இந்தத் தேதியை விட்டால் டாக்டரிடம் அடுத்த தேதி தீபாவளிக்கு அப்புறம்தான். அதுவரை அந்த வலியோடு அவள் மாடிப்படி ஏறுவதை நான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா காலண்டரைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை சேர்ந்துடு. ஆடி வெள்ளி, அம்மனுக்கே உகந்த நாள்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதைப் போன மாசமே சொல்லியிருக்கலாம்ல?"

"போன மாசம் எனக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சே."

புது ஆபீஸில் மறுபடி கெஞ்சி வெள்ளிக்கிழமையே சேர்ந்தேன். புதுக் காப்பீடு பெற்றோருக்கும் அன்றே தொடங்கியது, முட்டி ஆபரேஷனுக்கும் பணம் கொடுத்தார்கள். ஆனால் அறை வாடகைக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். பழையதில் தனி அறை கிடைத்திருக்கும், இதில் இருவர் தங்கும் அறைதான். அதில் எனக்கு மனசு ஆறவே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் பெண்மணி ஒருவர். அவருக்கும் முட்டிதான், அம்மாவுக்கு முந்தின நாளே முடிந்திருந்தது. ஆபரேஷனுக்கு மறுநாள், எழுந்தால் உயிர் போகிறது என்று அம்மா என்னிடம் முனகிக்கொண்டிருந்தாள். அவர் வாக்கரைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"இன்னாக்கா, இன்னும் படுத்துக்கினு கீற? எய்ந்து வா, வெளிய காத்து நல்லா வருது."

அம்மா எழுந்துவிட்டாள். பிசியோதெரபி பெண் கூடவே வர, இருவரும் ஆளுக்கொரு வாக்கரோடு வராந்தாவில் ஊர்க்கதை பேசிக்கொண்டு நடந்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து, ஒரு தனி அறை காலியாகியிருக்கிறது, மிச்சத்தை நாங்கள் கட்டினால் மாறிக்கொள்ளலாம் என்றாள். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"வேணும்னா நீ போய்ப் படுத்துக்கோ" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக என் தோளைப் பிடித்தே நடந்தவள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.