விரதத்தோடு முறுக்குப் பிழிய வந்த கமலா

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். டெல்லி மோதி பாக்கில் கல்யாணங்களுக்கு முறுக்கு செய்து கொடுக்கிறேன். பெரிய ஆர்டர் என்றால் நாள் கூலிக்கு ஆள் வைப்பேன். அப்படி வந்த கமலா, மத்தியானம் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மயங்கிச் சாய்ந்தாள். தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

“புருஷனுக்காக கர்வா சௌத் விரதம், மாதாஜி. நிலா பார்த்தப்புறம்தான் தண்ணி” என்றாள் இந்தியில்.

“காலையிலேயே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா வேற ஆளை வெச்சிருப்பீங்களே!”

உண்மைதான், வைத்திருப்பேன்.

இப்போதெல்லாம் ஆள் வைக்கும்போதே விரத நாளைக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு அடுப்படியில் நான். அவர்கள் உட்கார்ந்து பொட்டலம் கட்டுவார்கள். கூலி குறையாது.

இதை எழுத்துக் கூட்டி நானே எழுதினேன். ரம்யா, பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டு. பிழையைத் திருத்து, அந்த ‘வைத்திருப்பேன்’ மட்டும் அப்படியே இருக்கட்டும்.