பூனைக்குப் பால் வேண்டாங்க அக்கா

என் வீட்டுக்காரருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஐந்து வீட்டுக்குப் போனால் ஐந்து வீட்டிலும் இட்லி சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். வாசலில் வந்து நின்றவரிடம் ஒரு வாட்டர் பில்டர் வாங்கினார். மறுவாரம் வேறு கம்பெனிக்காரர் வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் வாங்கினார். கேட்டால், "பாவமுங்க, அவரும் பொழைக்கோணுமல்ல" என்பார். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். இவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதற்கு யாராவது எனக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி முதல் தடவை 'வேண்டாங்க' என்றால் அது மரியாதை. இரண்டாம் தடவை என்றால் கூச்சம். அதற்குப் பிறகும் வற்புறுத்திப் பரிமாறாத வீட்டைப் பற்றித்தான் ஊரில் பேசுவார்கள். அதனால் இங்கே யாரும் அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

கணபதிப் பகுதியில் அவருக்குச் சொந்தமாக ஒரு லேத் பட்டறை இருக்கிறது. ஒரு மழை நாளில் அங்கே சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பெண் குட்டி. அதை 'அம்மணி' என்று கூப்பிட ஆரம்பித்தார். என்னையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் ஒரு குரல் கொடுத்தால் நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

குட்டி பச்சைக் கறியைத் தவிர எதையும் தொடவில்லை. இவர் தினமும் கறிக்கடைக்குப் போய், எலும்பே இல்லாத நெஞ்சுக்கறியாகப் பார்த்து வாங்கிப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டார். எலும்பு தொண்டையில் சிக்கிவிடும் என்று பயம். மனிதர்களுக்கே கிடைக்காத உபசாரம். அந்த உபசாரமே குட்டியைப் படுக்க வைத்தது. நாற்காலியில் தாவிக்கொண்டிருந்தது தாவுவதை நிறுத்தியது. பின்னங்காலை இழுத்து நடந்தது. இடுப்பைத் தொட்டால் அலறியது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை டாக்டரம்மா, எலும்பெல்லாம் காகிதம் மாதிரி இருக்கிறது என்றார். "வெறுங்கறியில சுண்ணாம்புச் சத்து கிடையாதுங்க. எலி புடிக்கிற பூனை சதையை மட்டுமா திங்குது? எலும்பு, ஈரல், குடல்னு முழுசாத் திங்குதுல்ல?" முதலில் பாக்கெட் உணவைத்தான் எழுதிக் கொடுத்தார். குட்டி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில், பச்சைக் கறியையே முறையாகச் செய்து கொடுக்கச் சொன்னார். எது எவ்வளவு என்று அளவும் சொன்னார். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து, இதைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது, இப்போது கவனிக்காவிட்டால் முதுகெலும்பு வளைந்துவிடும், வளைந்தால் நிமிராது என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் வீட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமை வேலை. வேறு வேலைகளில் அவரை நான் கேலி செய்வேன். இதில் என் வாய் அடைத்துப்போனது. ஆனாலும் கறி அரைக்க என் மிக்ஸியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கையால் சுற்றுகிற பழைய கறி அரைக்கும் மிஷின் ஒன்றை வாங்கி, அதன் மழுங்கிய பிளேடைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பட்டறையில் புதிதாகக் கடைந்து மாட்டினார். கோழித் தொடை, இதயம், எலும்போடு கழுத்து, கொஞ்சமே கொஞ்சம் ஈரல். எல்லாம் ஒரே பதமாக அரைந்து விழும். எலும்புத் துணுக்கு எங்கேயாவது நெருடுகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். அதில் முட்டையின் மஞ்சள் கரு, மீன் எண்ணெய், வைட்டமின் மாத்திரை. கடைசியாக டாரின் என்று ஒரு வெள்ளைத் தூள். அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெட்டுவிடுமாம். நகைக் கடையில் வைத்திருப்பது போன்ற ஒரு குட்டித் தராசில் மூச்சை அடக்கிக்கொண்டு அதை நிறுப்பார். பிறகு சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து பிரீசரில் வைத்துவிட்டு, மேடையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவிப் பார்த்ததில்லை அவரை. எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆனாலும் குட்டி தேறவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடை ஏறவில்லை. அதன் காரணம் ஒரு நாள் காலையில் என் கண்ணில் பட்டது. பின்கட்டுப் படியடியில் நங்கையா குனிந்து, குட்டியின் கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நங்கையா என் வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், வீட்டில் மாடு உண்டு. தாயில்லாப் பிள்ளையாக இருந்த தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். காய்ச்சிய பாலைத் தூக்குப்போசியில் சூடாக எங்களுக்குக் கொண்டுவருவார். வரும்போதே குட்டிக்கும் ஒரு பங்கு ஊற்றி ஆற வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பால் குடித்து வயிறு நிறைந்த குட்டி கறியைப் பாதியில் விட்டது. தின்றதும் உடம்பில் ஒட்டவில்லை.

நான் சொன்னால் அது நாத்தனார் சண்டையாகிப் பத்து வருடம் ஓடும். "நீங்களே சொல்லுங்க" என்று இவரிடம் சொன்னேன். "பாக்கலாமுங்க" என்றார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை மட்டும், "குட்டிக்கு வயிறு செரியில்லைங்க அக்கா" என்று இழுத்தார்.

"அதுக்குத்தான சாமி பால் ஊத்தறேன்! பால்ல இல்லாத சத்தா உன்ற மிஷின்ல இருக்குது?" என்றார் நங்கையா. இவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்தில் உப்பே போடவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மா குட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, முதுகு லேசாக வளைய ஆரம்பித்திருக்கிறது என்றார்.

மறுநாள் காலையில் இவர் பின்கட்டுப் படியில், கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குட்டி அவர் மடியில். நங்கையா வந்தார்.

"அக்கா, பூனைக்குப் பால் வேண்டாங்க."

"ஏங் கண்ணு, கொஞ்சந்தான்" என்று போசியைத் திறந்தார் நங்கையா.

"வேண்டாங்க அக்கா."

"அட, வாயில்லா ஜீவன். ஒரு வாய் குடிக்கட்டும்."

"வேண்டாங்க அக்கா. நெசமாத்தான் சொல்றேன்."

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நங்கையாவும் செய்தார். சிரித்துக்கொண்டே போசியைச் சாய்த்தார். இவர் கிண்ணத்தின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். பால் அவர் புறங்கையில் விழுந்து, ஆவி பறக்க விரல் இடுக்குகளில் ஓடியது. கை நகரவில்லை.

"நீங்க தூக்கி வளத்தவன் நானுங்க அக்கா. நீங்க எதைக் குடுத்தாலும் குடிச்சுப்போடுவேன். இந்தக் குட்டி நடக்கோணுமுங்க. விட்டுருங்க."

நங்கையா போசியை மூடினார். எங்கள் இருவரையும் பார்க்காமல் போய்விட்டார். இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். என் புருஷனை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதே அளவு பயமாகவும் இருந்தது. அக்காவைப் பார்க்காமல் இவர் இருந்து எனக்குத் தெரியாது.

நங்கையா வருவதை நிறுத்திவிட்டார். வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலையை ஒரு வாரம்கூட விடவில்லை. டாக்டரம்மா சொன்னபடி, எலும்பு தேறும்வரை குட்டியைத் தாவவிடாமல் ஒரு கூண்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். வயிற்றுப்போக்கு நின்றது. முடியில் பளபளப்பு வந்தது. வளைந்த முதுகு அதற்கு மேல் வளையவில்லை. மெல்ல மெல்ல நான்கு காலையும் ஊன்றி நடந்தது.

டாக்டரம்மா வெளியே விடலாம் என்று சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அரைத்துக்கொண்டிருந்தபோது, குட்டி பொறுக்கமாட்டாமல் தரையிலிருந்து ஒரே எம்பில் மேடைக்குத் தாவி கறி டப்பாவுக்குள் தலையை விட்டது. நான் கத்தியே விட்டேன். அவர் கையைத் துடைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அக்கா எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்துவிட்டார்.

"அக்கா, தாவிருச்சுங்க" என்றார்.

நங்கையாவின் குரல் மெதுவாகக் கேட்டது.

"அன்னிக்குப் பால் கையைச் சுட்டுப்போடுச்சா கண்ணு?"

"இல்லீங்க அக்கா. ஆறின பால்தானுங்க" என்றார்.

தோல் உரிந்த அந்தப் புறங்கையில் வாரக்கணக்கில் மருந்து போட்டவள் நான். பேசாமல் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். நங்கையா வந்தால் காப்பி தயாராக இருக்கட்டும்.